உளவு படிக்கிற பொண்ணு

மனசு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் காட்டுவார்கள். என் மகள் மட்டும் என் கையைப் பிடித்துத் தூக்கித் தலைமேல் வைப்பாள். "இங்கம்மா, இங்க." ஒரு வருஷம் முழுக்க இதே வேலை. மனசுக்கு ஒரு மாதிரி இருக்குது கண்ணு என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல முடியாது. கை தலைக்குப் போய்விடும். கடைசியில் நெஞ்செரிச்சல் வந்தால்கூட வாயைத் திறக்காமல் சீரகத் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அவள் அப்போது சேலத்தில் டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வந்திருந்தாள். முடித்துவிட்டு என்று சொல்லக்கூடாது. மற்றப் பாடமெல்லாம் பாஸ், உளவியல் மட்டும் நின்றுபோனது. எண்பதுகளின் நடுவில் இருக்கும். எங்கள் லைனுக்குக் கரண்ட் வந்த புதுசு. ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகிற பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். நான் பழம் பறிக்கப் போவேன். வீட்டுக்காரர் நிழல் மரத்துக்குக் கிளை கழிப்பார். நான் படித்தது அஞ்சாவது. அவர் அதுவும் இல்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்தது. பெரிய சிஸ்டர் என் மகளைக் கூப்பிட்டு, "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் எடத்த வெச்சிருப்பேன். சர்டிபிகேட்டோட வா. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பாடம் பாஸாகாவிட்டால் அவளும் என்னோடு கூடையைக் கட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் இறங்க வேண்டியதுதான். அதற்காகவா அவளைச் சேலத்துக்கு அனுப்பினோம்.

உளவியலுக்குப் பரீட்சை மட்டும் எழுதினால் போதாதாம். ஒரு குழந்தையைப் பக்கத்திலிருந்து பல வாரம் கவனித்து, சின்னச் சின்னச் சோதனை வைத்து, அது எப்படி யோசிக்கிறது, எதற்கு அழுகிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தனியாள் ஆய்வு என்று அதற்குப் பேர். ஹாஸ்டல் பெண்கள் வெளியே போய்க் குழந்தை தேடச் சோம்பல்பட்டு, சமையல்காரம்மாவின் பேரன் ஒருத்தனையே எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒருத்தி எழுதினதில் அவன் மந்தம். இன்னொருத்தி எழுதினதில் மகா கெட்டிக்காரன். என் மகள் எழுதினதில் அவனுக்கு இருட்டென்றால் பயம். அப்பா பேர் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. திருத்தின மேடம் ஒருத்தியையும் பாஸாக்காமல், மறுபடி வேறு குழந்தையைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பையனுக்கு நெசமாலுமே இருட்டுன்னா பயமா கண்ணு?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. புக்குல இருந்துச்சு."

அவளுக்குச் சத்தம் போட்டு வாசித்தால்தான் பாடம் ஏறும். கேட்க எதிரே ஒரு ஆளும் வேண்டும். நான் பாத்திரம் கழுவப் போனால் பின்னாலேயே வந்து வாசிப்பாள். அப்படித்தான் அவள் புத்தகத்தில் இருந்த பெரிய மனிதர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் சீமைக்காரர்கள். ஒருத்தர் பேரும் என் வாயில் நுழையவில்லை. அவரவர் செய்த வேலையையோ புத்தகத்தில் போட்டிருந்த படத்தையோ வைத்து நானே ஒரு பேர் வைத்துக்கொண்டேன். மணியடித்து மணியடித்து நாய்க்குத் தீனி போட்டு, பிறகு தீனியில்லாமல் மணியை மட்டும் அடித்தாலும் அதற்கு எச்சில் ஊறுகிறது என்று கண்டவர் மணிக்காரர். பெட்டிக்குள் புறாவை விட்டு, தாம் நினைத்தபடி அது கொத்தினால் தானியம் போட்டுப் பழக்கினவர் புறாக்காரர். நம்முடைய கோளாறெல்லாம் நமக்கே தெரியாத அடிமனசில் கிடக்கிறது, கனவைக் கேட்டால் வெளியே வரும் என்றவர் தாடிக்காரர். அவரோடு சேர்ந்திருந்து, பிறகு சண்டைபோட்டுப் பிரிந்து, எல்லாவற்றுக்கும் காரணம் தாழ்வு மனப்பான்மை என்றவர் கண்ணாடிக்காரர். குழந்தைகளுக்கு முன்னால் டம்ளர் டம்ளராகத் தண்ணியை மாற்றி ஊற்றிக் கேள்வி கேட்டவர் டம்ளர்காரர்.

விருந்தாளிகள் வந்து தங்கிவிட்ட மாதிரி இருந்தது. விருந்தாளி என்றால் ஒரு குடம் தண்ணியாவது தூக்கி வருவார்கள். இவர்கள் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னையே குறை சொன்னார்கள்.

நான் சின்னதிலிருந்தே பேசக் கூச்சப்படுகிறவள். நாலு பேர் நின்றால் பேச்சு வராது. கடைக்குப் பருப்பு வாங்கப் போவேன். எனக்கு முன்னால் நிற்கிறவர் உப்புக் கேட்டால் நானும் உப்பையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அது என் சுபாவம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் யாரும் அதற்குக் காரணம் கேட்டதில்லை. இவள் கேட்டாள்.

"அம்மா, சின்ன வயசுல உன்னய நாலு பேர் முன்னால வெச்சு ஆராச்சும் திட்டுனாங்களா?"

"எல்லாரையுமே திட்டுவாங்க. அப்ப அதான வளக்கம்."

"கனவு ஏதாச்சும் வருதா?"

"தூங்க உட்டா வரும்."

"பாரு, வெடுக்குன்னு பேசற. இதுக்குப் பேரு எதிர்ப்பு. தாடிக்காரரு சொல்லியிருக்காரு."

நான் வைத்த பேர்களையே அவளும் எடுத்துக்கொண்டாள். நான் பதில் சொன்னால் தாடிக்காரர் ஒரு காரணம் சொல்வார், சொல்லாவிட்டால் கண்ணாடிக்காரர் வேறொன்று சொல்வார். பேசினாலும் கோளாறு, பேசாவிட்டாலும் கோளாறு என்றால் மனுஷி எங்கே போவாள். பிறகு புறாக்காரர் முறை வந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால் ஒரு கடலை மிட்டாய் தருவாளாம். பரிசு கொடுத்தால் பழக்கம் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். மிட்டாய்க் காகிதத்தை ஆட்டிக்கொண்டு அவள் வாசலில் நிற்பாள், நான் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். மிட்டாயை அப்பனும் மகளும் தின்றார்கள்.

அடுப்படிச் சுவரில் மூளைப் படம் ஒன்றை வரைந்து ஒட்டினாள். பெருமூளைக்கு ரோஸ் கலர், சிறுமூளைக்குப் பச்சை, அதற்குக் கீழே காம்பு மாதிரி முகுளம், அதற்கு மஞ்சள். கறிக்கடையில் தட்டில் வைத்து விற்கிறதுதான், கலர் அடித்திருந்தது. சோறு வடிக்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படும். நெற்றிக்குப் பக்கத்தில் இடது பக்கமாக ஒரு வட்டம் போட்டு, பேச்சு அங்கேதான் உண்டாகிறது என்றாள்.

வீட்டுக்காரர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஏஞ்சாமி, உங்கம்மாளுக்கு அந்த எடத்துல பூட்டுப் போட்டிருக்குதான்னு பாரு. சாவி தொலைஞ்சிருச்சுன்னா வேற செஞ்சுக்கலாம்."

முகுளம் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. நாம் தூங்கினாலும் நமக்கு மூச்சு விடுவது அதுதானாம். ஒருத்தரிடமும் பேசாது, ஒருத்தரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள், அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அதைப் பற்றிப் புத்தகத்தில் நாலு வரிதான் இருந்தது. தாடிக்காரருக்கு அத்தியாயம் அத்தியாயமாக.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த தொல்லை. வெளியே நடந்ததற்கு வீட்டுக்காரர் வாய்தான் காரணம். அவருக்கு உளவியல் என்று முழுசாகச் சொல்ல வராது. வாலை விழுங்கிவிடுவார். "என்ர பொண்ணு உளவு படிக்குது. இந்த லைன்லயே ஒரு கொளந்தையப் புடிச்சு, வாரக் கணக்குல கவனிக்கப் போவுது" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அது மிளகு பறிக்கிற சமயம். எஸ்டேட்டில் மிளகு காணாமல் போகிறது என்று சாயந்திரம் வெளியே போகிறவர்கள் பையைப் பிரித்துப் பார்க்கத் தொரை ஆள் போட்டிருந்தார். உளவு என்ற சொல்லுக்கு அந்த மாதம் வேறு அர்த்தமே கிடையாது.

குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கத் தொடங்கியது. எனக்கு அது தெரியவே நாளானது. பேசாதவளுக்கு மற்றவர்கள் பேசாமல் இருப்பது சட்டென்று பிடிபடாது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க பொண்ணு உளவு படிக்குதாமா? நெசமுங்களா?"

தண்ணி விழுகிற சத்தம். அவளும் எங்கள் வீட்டுக்காரரைப் போல வாலை விழுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "ஆமாங்க. அது ஒண்ணுதான் பாக்கி. முடிஞ்சா வேலை ரெடியா இருக்குது" என்றேன்.

"ஆருங்க வேலை குடுக்கறது?"

"பெரியவங்கதான் சொல்லி வெச்சிருக்காங்க."

நான் பெரிய சிஸ்டரைச் சொன்னேன். அவள் குடம் நிரம்பும் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதிசயமாக நாலு வார்த்தை பேசினேனே என்று நான் வீட்டுக்கு வந்து மிட்டாய் கேட்டேன்.

மறுநாளிலிருந்து என் மகள் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் உள்ளேயிருந்து ஒரு கை வந்து குழந்தையை இழுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு வீட்டில் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறது. அந்தக் குழந்தை பின்பக்கம் கோலி விளையாடிக்கொண்டிருக்கும். காரணம் தெரிந்ததும் வீட்டுக்காரர், நான் போய் விளக்கமாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். "அட, அது தொரைக்குச் சொல்றதில்லீங்க. ஒரு ஆளப் பாத்ததுமே அவன் மனசுக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிப்போடற படிப்பு" என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பையை மட்டும்தான் பயந்து மறைத்தார்கள். அதற்குப் பிறகு முகத்தையும் திருப்பிக்கொண்டார்கள்.

நாள் போய்க்கொண்டிருந்தது. குழந்தை கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது பஸ் நிற்கிற வளைவில் டீக்கடை வைத்திருந்த சேலத்துக்காரர் மகள் ஒன்றுதான். அஞ்சு வயசு. அவர்களுக்கு எஸ்டேட்டோடு சம்பந்தம் இல்லை. ஆனாலும் பேச்சு அங்கேதானே கிளம்பியது.

"அம்மா, நீ போய்க் கேளு" என்றாள் மகள். "அப்பா போனா இன்னும் கெட்டுப்போவும். நான் போனா எந்திரிச்சு ஓடறாங்க. உன்னயக் கண்டா ஆருக்கும் சந்தேகம் வராது."

"எனக்குப் பேச்சு வராதே கண்ணு. படத்துலயே காட்டுனியே."

"வரும். போம்மா. ஜூனுக்கு நான் வேற எங்க போவேன்."

டீ வாங்குகிற தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு போனேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். என் நேரம், சேலத்து பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கடை நிறைய ஆம்பளைகள். டீக்கடைக்காரர் ஒரு கையை உயரத் தூக்கி, ஒரு கையைக் கீழே இறக்கி, டம்ளருக்கும் போசிக்கும் நடுவில் டீயைக் கயிறு மாதிரி இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்குழந்தை அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்கம்மா, எத்தனை டீ?" என்றார்.

டீ என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடலாம் போல இருந்தது. "டீ வேண்டாமுங்க. உங்க பாப்பா வேணுமுங்க. ஒரு மாசத்துக்கு."

கடை சிரித்தது. "ஏனுங்கண்ணா, சர்க்கரை தூக்கலா போட்டுக் குடுத்தனுப்புங்க" என்றார் பெஞ்சில் இருந்த ஒருத்தர். இன்னொருத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "இது அந்த உளவு படிக்கிற பொண்ணோட அம்மாளுங்க. கொளந்தைகிட்டக் கேட்டா ஊட்டுல நடக்கறதெல்லாம் வெளிய வருமில்ல. நல்ல யோசனைதான்."

அதோடு திரும்பியிருப்பேன். ஆனால் அந்த வருஷம் முழுக்கக் கேட்ட சத்தம், தாடியும் கண்ணாடியும் புறாவும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. "உளவு இல்லீங்க. உளவியல். பின்னால ஒரு வால் இருக்குது. எங்க ஊட்டுக்காரரு முளுங்கிட்டாரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதனால் நிறுத்தவும் தெரியவில்லை. "அவ உளவு பாக்கறான்னா என்னயத்தான் பாக்கறா. நான் என்ன கனவு கண்டேன், எதுக்கு மொணங்குனேன், சின்னதுல என்னய ஆரு திட்டுனாங்க, இதத்தான் நாள் முச்சூடும் கேக்கறா. இதத் தெரிஞ்சுக்கிட்டுத் தொரை என்னங்க பண்ணுவாரு? நான் தூக்கத்துல மொணங்குனா மிளகு கெடச்சிருமா? அந்தப் பாடம் பாஸாகாட்டி அவளுக்கு டீச்சர் வேலை இல்லீங்க. ஒரு கொளந்தைகிட்ட நாலு கேள்வி கேக்கோணும். அவ்வளவுதான். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குங்க."

டீக்கடைக்காரர் ஆற்றுகிறதை நிறுத்திவிட்டார். உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. "அட, இந்தக்காளுக்குப் பேச்சு வருதே" என்றது. பிறகு, "பாப்பாவைப் பாத்துட்டு, எங்கூட்டு ஆளையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க. எதுக்கெடுத்தாலும் கோவம்" என்றது. சரி என்று அர்த்தம். போசியில் டீயும் ஊற்றிக் கொடுத்தார்கள். ஓட்டமும் நடையுமாக வந்ததில் பாதி டீ ரோட்டில் போய்விட்டது.

என் மகள் தினமும் போய்க் குழந்தையோடு பழகினாள். படம் காட்டினாள், கதை கேட்டாள். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. கடைசியாக டம்ளர்காரர் சோதனை. அவருடைய பாடம்தான் பரீட்சைக்கு முக்கியமாம். நானும் கூடப் போயிருந்தேன். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாக டீ. குழந்தை பார்க்கும்போதே ஒன்றை எடுத்து ஒல்லியான உயர டம்ளரில் ஊற்ற வேண்டும். எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். ஏழு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தை உயரத்தைப் பார்த்து ஏமாந்து, உயர டம்ளரில்தான் அதிகம் என்று சொல்லும். அப்படிச் சொன்னால் சோதனை முடிந்தது.

"எதுல நெறைய இருக்குது கண்ணு?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றது குழந்தை.

மகள் முகம் மாறியது. திரும்ப ஊற்றினாள். மற்றதை அகலமான கிண்ணத்தில் ஊற்றினாள். "நல்லாப் பாத்துச் சொல்லு சாமி. இது உசரமா இருக்குதில்ல?"

குழந்தைக்கு எரிச்சலாகிவிட்டது. "அது நொரைங்கக்கா. நொரைய ஊதிட்டுப் பாருங்க" என்று அதுவே ஊதிக் காட்டியது. "ஊத்துனா எங்க போவும்?"

காலையிலிருந்து சாயந்திரம் வரை அப்பா டம்ளர் மாற்றி டம்ளர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை. டம்ளர்காரர் ஊரில் டீக்கடை இருந்திருக்காது.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. நாய்க்கு எச்சில் ஊறியது, புறா கொத்தியது, நான் ஆம்பளைகள் நடுவில் நின்று கத்தினேன். எல்லாம் ஆனபிறகு இந்தப் பொடிசு ஒன்று நுரையை ஊதி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "உசர டம்ளருன்னு சொல்லுச்சுன்னு எழுதிப்போடு கண்ணு. புக்குல அதான இருக்குது. அந்த மேடம் வந்து டீயா ஊத்திப் பாக்கப்போறாங்க" என்றேன்.

"போன தடவ அப்படி எழுதித்தாம்மா போச்சு."

"இப்ப நெசத்த எழுதி, கொளந்தைக்கு வயசு தப்புன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"போச்சுன்னா உங்கூடக் கூடையக் கட்டிக்கறேன்" என்றாள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். நுரையையும் எழுதினாள். டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். நான் அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது கோபத்திலா வழக்கத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை.

சேலத்தில் அந்த மேடம் எதிரே நின்று வாயால் பதில் சொல்கிற பரீட்சையும் இருந்தது. மேடம் ஆய்வைப் புரட்டிவிட்டு, டம்ளர் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாராம். "இந்த வயசுக் குழந்தை இப்படிச் சொல்லாதே. யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?" என் மகள் டீக்கடையை, ஆற்றுவதை, நுரை ஊதியதை எல்லாம் சொன்னாளாம். மேடம் ஆய்வை மூடி வைத்துவிட்டு, "அந்தச் சமையல்காரம்மா பேரனைவிட இந்தக் குழந்தை உயிரோட இருக்கு" என்றாராம். ரிசல்ட் வருகிறவரை அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் மூன்று பேரும் மூன்று அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாஸ். மார்க் ஒன்றும் பெரிசில்லை. ஜூன் மாதம் அவள் பெரிய சிஸ்டரிடம் சர்டிபிகேட்டைக் கொடுத்தாள். முதல் வருஷத்திலேயே டீக்கடைப் பாப்பா அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

அதோடு என்னை விட்டிருக்கலாம். விடவில்லை. லைனில் அவளுக்கு உளவு டீச்சர் என்றே பேர் நின்றுவிட்டது. பயம் போய், எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. முதலில் வந்தவள் குழாயடியில் என்னைக் கேள்வி கேட்ட பக்கத்து வீட்டுக்காரிதான்.

"ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரரு தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாரு. டீச்சர் புக்குல என்ன போட்டிருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வர சாயந்திரமாகும். அதுவரை என் எதிரே உட்கார்ந்து பல்லில் ஆரம்பித்து மாமியாருக்குப் போய், நாத்தனார் நகையில் வந்து நிற்பாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருப்பேன். "நீங்க நொம்ப நல்லாக் கேக்கறீங்கக்கா. பாதி பாரம் எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

மகளிடம் புலம்பினேன். அவளுக்குச் சிரிப்பு. "தாடிக்காரரும் அப்படித்தாம்மா. வர்றவங்களக் கட்டில்ல சாயச் சொல்லிட்டு, தலைமாட்டுல பேசாம உக்காந்திருப்பாராம். அதுதான் வைத்தியமே."

அவருக்கு உலை வைக்க வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள். எனக்கு அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருக்கும். எழுந்து போகிறேன் என்று சொல்ல வாய் வராது.